ஒரு பியானோ, மூன்று குரல்கள்: சோண்ட்ஹைமுக்கு இது போதுமா?

கேள்வி
22 மார்ச் 2025, இரவு 11:50

இன்று ஸ்டீபன் சோண்ட்ஹைமின் 95ஆவது பிறந்தநாள். அதற்காக வடக்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த கச்சேரிக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். ஒரு பியானோ, மூன்று பாடகர்கள். அவ்வளவுதான். ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, மேடை அமைப்பு இல்லை, உடை இல்லை. மனிதர் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகங்களுக்கு மெட்டும் வரிகளும் எழுதியவர். அவருடைய பாட்டுகளை வெறும் பியானோவை வைத்துக்கொண்டு பாடுவது காசை மிச்சம் பிடிக்கும் வேலைதானே? தாளிக்காத குழம்பு மாதிரி இருந்தது. இன்னொன்று: இரண்டு மணி நேரம் கேட்டும் ஒரு மெட்டுகூட வாயில் ஒட்டவில்லை. குறை என்னிடமா, அவரிடமா?

23 மார்ச், காலை 8:15

நானும் அங்கேதான் இருந்தேன். நீங்கள் சொல்வதில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

பியானோவும் குரலும் என்பது ஏழைப்பட்ட ஏற்பாடு என்று யார் சொன்னது? சோண்ட்ஹைமின் பெயர் பிரிட்டனில் பரவியதில் பெரும் பங்கு அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சிக்கு உண்டு. 1976இல் லண்டன் மெர்மெய்ட் தியேட்டரில் ‘சைட் பை சைட் பை சோண்ட்ஹைம்’ தொடங்கியது. இரண்டு பியானோ, மூன்று பாடகர்கள். நாடகம் கிடையாது, பாட்டுகள் மட்டும். அடுத்த ஆண்டே அது பிராட்வேக்குப் போனது. நியூயார்க்கில் பிறந்து நியூயார்க் மேடைக்கே எழுதியவரின் பாட்டுகளை லண்டன்காரர்கள் மூட்டை கட்டி அங்கேயே கொண்டுபோய் விற்றார்கள்.

அடுத்தது ஆர்க்கெஸ்ட்ரா. சோண்ட்ஹைம் பியானோவில்தான் எழுதினார். பிராட்வே வழக்கப்படி எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவர் வேறொருவர். 1970இல் வந்த ‘கம்பெனி’ நாடகத்திலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் அப்படிச் செய்து கொடுத்தவர் ஜோனதன் ட்யூனிக். ஆனால் சோண்ட்ஹைம் மெட்டை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போகிற ஆள் அல்ல. இடது கை, வலது கை, உள்ளே ஓடும் சின்னச் சின்ன இழைகள் எல்லாவற்றையும் பியானோ தாளிலேயே எழுதிவிடுவார். ஆகவே நேற்று நீங்கள் கேட்டதுதான் மூலப்பிரதி. வாத்தியக் குழுவில் கேட்பது அதன் மொழிபெயர்ப்பு.

கச்சேரியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ‘கம்பெனி’யில் வரும் அந்த அதிவேகக் கல்யாணப் பாட்டு நடுவில் சிதறிப்போனது. மெஸ்ஸோ என்கிற நடுத்தரப் பெண்குரலில் பாடியவளுக்கு வார்த்தை தவறிவிட்டது. ஒத்திகை போதவில்லை போலிருக்கிறது. அதற்குப் பியானோ என்ன செய்யும்?

23 மார்ச், காலை 8:32

ஒரு திருத்தம். மெர்மெய்ட் நிகழ்ச்சியில் மூன்று பாடகர்களோடு நான்காவதாக ஒருவர் உண்டு. நெட் ஷெரின், கதை சொல்பவர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எந்த நாடகத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று சொல்வார். அவரை விட்டுவிட்டு எழுதியது தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று பிறகு யோசிக்க வேண்டும்.

“உடை இல்லை” என்று நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தேவாலய மண்டபத்திலா என்று பதறிவிட்டாள். “வேஷம் இல்லை” என்று திருத்திக்கொள்ளுங்கள். அதற்கும் காரணம் உண்டு. தனிப் பாட்டுகளைக் கச்சேரியாகப் பாடினால் ஒரு வகை உரிமம். வேஷம் கட்டி, வசனம் பேசி, நடித்தால் அது நாடக உரிமத்தின் கீழ் வந்துவிடும். அதன் செலவும் நிபந்தனைகளும் வேறு. சிறிய குழுக்கள் கறுப்புச் சட்டையோடு நின்றுகொள்வது ரசனையால் மட்டும் அல்ல.

23 மார்ச், மதியம் 1:10

மெட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புகார் உங்களுக்கு முன்பே பிறந்தது. சோண்ட்ஹைமே அதை ஒரு பாட்டுக்குள் வைத்துவிட்டார். 1981இல் வந்த ‘மெரிலி வி ரோல் அலாங்’ நாடகத்தில் இரண்டு இளைஞர்கள், ஒருவன் பியானோவில், ஒருவன் தட்டச்சுப் பொறியில், தங்கள் முதல் இசை நாடகத்தை எழுதித் தயாரிப்பாளரிடம் பாடிக் காட்டுகிறார்கள். அவரோ முணுமுணுக்க ஒரு மெட்டு வேண்டாமா என்று கடிந்துகொள்கிறார். தம் பாட்டுகளிலேயே தம் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று சோண்ட்ஹைம் சொல்லியிருக்கிறார். அந்த நாடகம் முதலில் பிராட்வேயில் 16 காட்சிகளோடு மூடப்பட்டது. அதே நாடகத்தின் மறுமேடையேற்றத்துக்கு 2024இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. 43 ஆண்டு தாமதமாக ஒட்டிக்கொண்ட மெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மில்டன் பாபிட்டிடம் படித்தவர். பாபிட் கணிதம் மாதிரி இசையமைக்கும் நவீனர். அதனால்தான் சோண்ட்ஹைமின் மெட்டு வறண்டிருக்கிறது என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறது. உண்மையில் அந்த வகுப்பில் ஜெரோம் கெர்ன் போன்றவர்களின் வெகுஜனப் பாட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நல்ல மெட்டு ஏன் அடுத்த வரி வரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது என்ற ஆராய்ச்சி.

என் அனுபவம் வேறு மாதிரி. முதல்முறை கேட்டபோது எனக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று வாரம் கழித்துப் பாத்திரம் துலக்கும்போது ஏதோ ஒன்று வாயில் ஓடியது. எங்கே கேட்டது என்று தெரியாமல் அரை மணி நேரம் தவித்தேன். இவருடைய மெட்டு உடனே வராது, பின்வாசல் வழியாக வரும். நீங்கள் கச்சேரி முடிந்த அன்றே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

23 மார்ச், மாலை 6:45

இல்லை, நண்பரே. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மெட்டுகளைப் பாடியிருந்தால் கச்சேரி களைகட்டியிருக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த மெட்டுகள் லெனார்ட் பெர்ன்ஸ்டைனுடையவை. 1957இல் 27 வயது சோண்ட்ஹைம் அதற்கு வரிகள் மட்டும்தான் எழுதினார். ஒருவருடைய பிறந்தநாளுக்கு இன்னொருவருடைய மெட்டைப் பாடச் சொல்கிறீர்கள்.

பிறந்தநாள் என்றதும் நினைவு வருகிறது. இன்னொரு இசை நாடக இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் மார்ச் 22தான். மெட்டு உடனே ஒட்ட வேண்டும் என்பவர்கள் அதே நாளில் அவருக்குக் கச்சேரி வைத்துக்கொள்ளலாம்.

24 மார்ச், காலை 7:20

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ட்யூனிக் “எல்லாவற்றையும்” செய்து கொடுத்தார் என்று நான் எழுதியது தவறு. 1984இல் வந்த, ஓவியர் சூராவைப் பற்றிய ‘சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்’ நாடகத்துக்கு வாத்தியப் பகுதி எழுதியவர் மைக்கேல் ஸ்டாரோபின். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. அவர் தொனிக்கு நன்றி கிடையாது.

அதே வாசகர் இன்னொரு கேள்வி கேட்டார்: பியானோதான் மூலம், வாத்தியக் குழு மொழிபெயர்ப்பு என்றால், மூலத்தைவிட நல்ல மொழிபெயர்ப்பே இருக்க முடியாதா? நேற்று இரவு முழுக்க இது உறுத்தியது.

பியானோவின் அடிப்படைக் குறை எல்லோருக்கும் தெரியும். கட்டையைத் தட்டிய கணத்திலிருந்து ஒலி சாகத் தொடங்குகிறது. பெடலை மிதித்தால் சாவு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வயலின் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கும். கிளாரினெட் மூச்சு விடும். ட்யூனிக் தாமே கிளாரினெட் வாசிப்பவர். ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ பதிவில் அந்த வாத்தியம் நுழையும் இடங்களைக் கேட்டுவிட்டு சனிக்கிழமை கேட்ட பியானோவை நினைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நல்ல புகைப்படம், ஆனால் கறுப்பு வெள்ளை.

‘ஸ்வீனி டாட்’ இன்னும் மோசம். தொழிற்சாலை விசில் செவியைக் கிழிக்க வேண்டிய நாடகம் அது. பியானோவில் அதற்கு என்ன செய்வது? மேல் கட்டைகளைக் கொத்தாக அடித்தார்கள். பூனை நடந்த மாதிரி இருந்தது. அந்த மண்டபத்துக்குப் பின்னால்தான் ரயில் பாதை. அந்தக் கணத்தில் ஒரு ரயில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அடுத்து வந்த மெல்லிய தாலாட்டின் நடுவில் வந்தது.

ஆக, நேற்றுக் காலை நான் போட்ட சத்தத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

24 மார்ச், இரவு 9:05

எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்பது இந்த விவாதத்துக்குத் தேவையா? முன்னால்தான். இடது பக்கம்.

26 மார்ச், இரவு 10:40

சரி. “பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த, பழுப்பு ஸ்வெட்டர் அணிந்த ஆள் நீங்கள்தானே?” என்று கேட்டுவிட்டீர்கள். நானேதான். இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

பியானோ வாசித்த அம்மையார் எங்கள் தெருவில் இருப்பவர். நான் சிறுவயதில் சென்னையில் மேற்கத்திய இசைக்கான ட்ரினிட்டி தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை போனவன். அதற்கு மேல் கை போகவில்லை. கண் போகும். இசைத்தாளை வாசிக்கத் தெரியும் என்பதால் பக்கம் புரட்ட வரச் சொன்னார். சம்பளம் ஒரு துண்டு எலுமிச்சை கேக்.

பக்கம் புரட்டுவதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். வாசிப்பவரின் இடது பக்கம், ஒரு அடி பின்னால் உட்கார வேண்டும். பக்கம் முடிய இரண்டு வரி இருக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடிக்க வேண்டும். சட்டைக் கை கண்ணை மறைக்கக் கூடாது. வாசிப்பவர் எப்போதும் கைக்கு முன்னால் நாலைந்து சுரம் படித்துக்கொண்டே போவார். ஆகவே கடைசிச் சுரம் வரை காத்திருந்தால் தாமதம். அவர் தலை லேசாக அசையும்போது புரட்ட வேண்டும். திரும்ப வாசிக்க வேண்டிய பகுதி வந்தால் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, இல்லாதவன் மாதிரி உட்கார்ந்துகொள்ள வேண்டும். கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கல்யாணப் பாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அதில் மூன்று பேர். தேவாலயப் பாட்டு மாதிரி நீட்டி முழக்கி ஆசி சொல்லும் ஒரு சொப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிப் பெண்குரல். பூரித்து நிற்கும் மாப்பிள்ளை. நடுவில், கல்யாணமே வேண்டாம் என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்கும் மணப்பெண். மெதுவானதும் வேகமானதும் மாறி மாறி வரும். வேகமான பகுதியில் பக்கம் விசிறி மாதிரி பறக்கும்.

நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

அம்மையார் கண்ணுக்கு முன்னால் மணப்பெண்ணின் புலம்பல் இருக்க வேண்டிய இடத்தில் சொப்ரானோவின் ஆசி வந்து நின்றது. கை ஒரு கணம் அதை வாசித்தும்விட்டது. புலம்பிக்கொண்டிருந்த பெண்ணின் காலுக்குக் கீழிருந்து தாளம் போய்விட்டது. அவள் நின்றாள். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அவளுக்கு வார்த்தை மறக்கவில்லை. ஒத்திகையும் போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்தது. மூன்று மாலை நான் கூடவே இருந்தேன்.

பாட்டு சிதறியது என்று எழுதியது உண்மை. காரணத்தை மாற்றி எழுதினேன். முகம் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில்கூட ஒருவனால் தன் கையை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது, பாருங்கள்.

26 மார்ச், இரவு 11:15

தூக்கம் வரவில்லை. அடுத்து நடந்ததை எழுதாமல் விட்டால் அந்த அம்மையாருக்குத் துரோகம்.

அவர் நிறுத்தவில்லை. இடது கை அதே இரண்டு தாளக் கட்டங்களைத் திரும்பத் திரும்ப உருட்டத் தொடங்கியது. இதற்கு நாடகக்காரர்கள் வேம்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடிகர் கதவைத் திறக்கத் தாமதமானால், ஒருவர் வசனத்தை மறந்தால், தயாராகும் வரை ஓட்டிக்கொண்டிருப்பதற்காகத் தாளிலேயே அப்படி எழுதியிருப்பார்கள். இங்கே எழுதியிருக்கவில்லை. அவரே உண்டாக்கினார். வலது கையால் என் விரலைத் தள்ளிவிட்டுத் தாளைப் பின்னுக்கு இழுத்தார். பாடுபவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் மூச்சை உள்ளே இழுத்ததைப் பார்த்தபின் முதல் சுரத்தை வைத்தார். மொத்தம் ஏழெட்டு விநாடி இருக்கும். எனக்கு ஒரு சித்திரை வெயில் முழுக்க நின்ற மாதிரி இருந்தது.

25 பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா குழியில், மேடைக்கு முன்னால், இது நடந்திருந்தால்? நடத்துநர் கை காட்டுவதற்குள் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். ஒரு பியானோ ஒரு குரலுக்காகக் காத்திருக்க முடியும். இது பக்கவாத்தியம் என்ற சொல்லிலேயே இருக்கிறது: பக்கத்தில் இருப்பது. திங்கட்கிழமை கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்று எழுதினேன் அல்லவா? வண்ணம் பற்றி அது சரி. ஆனால் அந்த ஏழெட்டு விநாடியை எந்த வண்ணத்துக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

27 மார்ச், காலை 7:50

மெஸ்ஸோ பாடிய பெண்ணுக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அன்றே தெரியுமாம். பாடிக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்தாளாம். மணப்பெண்ணைவிட மிரண்டுபோய் நீங்கள்தான் இருந்தீர்கள் என்றாள்.

30 மார்ச், மாலை 5:30

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த ஞாயிறு. பொழுது நீண்டு கிடக்கிறது. நெட் ஷெரினை மறந்துவிட்டு எழுதியதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

நம் கச்சேரியில் உண்மையாகவே இல்லாமல்போனது ஆர்க்கெஸ்ட்ரா அல்ல, கதை. ‘செண்ட் இன் த கிளவுன்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொப்ரானோ அருமையாகப் பாடினார். ஒவ்வொரு வரியின் கடைசியையும் பட்டு மாதிரி நீட்டினார். கைத்தட்டல் அதற்குத்தான் அதிகம். எனக்கு மட்டும் நெருடியது.

1973இல் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ நாடகத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதுதான் சோண்ட்ஹைம் அந்தப் பாட்டை எழுதினார். அந்தக் காட்சியில் பாட வேண்டியவன் ஆண் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். இது அந்த நடிகையின் காட்சி என்று இயக்குநர் ஹால் பிரின்ஸ் சொன்னபின் மாறியது. வேடம் ஏற்ற கிளினிஸ் ஜான்ஸுக்கு வெள்ளி மணி மாதிரிக் குரல், ஆனால் சுரத்தை நீட்டிப் பிடிக்க மூச்சு இருக்காது. ஆகவே வரிகளைப் பெரும்பாலும் துண்டு துண்டான கேள்விகளாக அமைத்தார். கேட்டுவிட்டு, நின்று, மூச்சு வாங்கி, அடுத்ததைக் கேட்கலாம். அந்த இடைவெளிதான் பாத்திரம். நடுவயது நாடக நடிகை. ஒரு காலத்தில் தன்னை மணக்கக் கேட்டவனிடம் இப்போது தானே கேட்கிறாள். அவன் மறுக்கிறான். அழக் கூடாது, சிரிக்க வேண்டும். காட்சி சொதப்பினால் கோமாளிகளை அனுப்பு என்கிற மேடைக்காரர்களின் பேச்சுத்தான் அவள் வாயில் வருகிறது. சர்க்கஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இடைவேளையில் என் பின்னால் இருவர் சர்க்கஸ் என்றே பேசிக்கொண்டார்கள்.

நல்ல குரல் அந்தப் பாட்டுக்கு ஒரு ஆபத்து. இடைவெளியை இனிமையால் நிரப்பிவிடும். நாலு வரியில் யாராவது கதையைச் சொல்லியிருந்தால் சொப்ரானோவும் வேறு மாதிரி பாடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

30 மார்ச், மாலை 6:05

எழுதி முடித்ததும் மகள் கேட்டாள்: கதை தெரிந்தால்தான் அந்தப் பாட்டு என்றால், பாடகி ஜூடி காலின்ஸ் பாடிய பதிவை உலகமே எப்படி ரசித்தது? 1976இல் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி விருதும் அதற்குத்தானே? நாடகத்தைப் பார்த்தவர்களா வாக்களித்தார்கள்?

பதில் இல்லை. ஃபிராங்க் சினாட்ராவும் பாடியிருக்கிறார். அவர் எந்த நாடக நடிகை? தம் சொந்தக் கதையை உள்ளே போட்டுக்கொண்டு பாடினார். கேட்டவர்களும் தங்களுடையதைப் போட்டுக்கொண்டார்கள். இடைவெளி விட்டு எழுதிய பாட்டில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் சினாட்ரா இடைவெளியை இடைவெளியாக விட்டவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொப்ரானோ மீதான என் புகாரை விடமாட்டேன். கதை சொல்பவர் வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

6 ஏப்ரல், இரவு 8:20

கேள்வி கேட்டவர் தனியாக ஒரு வரி அனுப்பியிருக்கிறார். நேற்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஏதோ ஒன்று வாயில் ஓடியதாம். எந்தப் பாட்டு என்று தெரியவில்லையாம். எழுத்தில் முணுமுணுத்துக் காட்ட முயன்றிருக்கிறார்: “தம்-தம்-ததம், ததம்-தம்”. இதை வைத்துக்கொண்டு சோண்ட்ஹைமில் பாதியையும் சொல்லலாம், கதவு தட்டும் ஓசையையும் சொல்லலாம். பதினைந்து நாளில் வந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். எனக்கு மூன்று வாரம் ஆனது.

தெருவில் அம்மையாரைப் பார்த்தேன். ஜூன் மாதம் இன்னொரு கச்சேரி. இம்முறை ‘ஃபாலீஸ்’ பாட்டுகள் அதிகம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் பேச ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பிடித்திருக்கிறாராம். நான் எப்போது ஒத்திகைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். காலால் பெடலை மிதித்தால் பக்கம் தானே மாறுமாம். ஒரு மிதிக்கு ஒரு பக்கம்தான் மாறும் என்பதையும் தேவையில்லாமல் சேர்த்துச் சொன்னார். எலுமிச்சை கேக் உண்டு என்றார்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். கேட்டவருக்காக: ஆறாவது வரிசை, நடுவில்.